ஆயில் சீல் இரண்டு தடவை மாற்றியும் நிற்காத கியர் ஆயில் கசிவு

ராமமூர்த்தி நகரிலிருந்து:

என் மாமாவின் பழைய லேத் பட்டறை ஷெட்டில் நானும் மச்சானும் ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு காரைக் கட்டினோம். லோட்டஸ் செவன் வகை, இரண்டு பேர் உட்காரும் சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். அந்த வண்டி 1957-இல் இங்கிலாந்தில் வந்தது. முழு வண்டியாக வாங்கினால் வரி உண்டு, உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. அதனால் கிட்டாகவே நிறைய விற்றது. 1973-இல் உரிமை கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்குப் போனது, இன்றும் செய்கிறார்கள். எங்கள் வண்டியின் சட்டம் நாங்களே வெல்டு பண்ணியது. மூக்கும் மட்கார்டும் ஃபைபர். எஞ்சினும் ஐந்து கியர் கியர்பாக்ஸும் ஒரு பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்பிலிருந்து எடுத்தவை. ஜிப்ஸியில் நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தனிப் பெட்டி என்பதால் அதை விட்டுவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து நேராகப் பின் ஆக்ஸிலுக்கு ஷாஃப்ட் கொடுக்க முடிகிறது. சாலைப் பதிவு இல்லாத வண்டி. ட்ரெய்லரில் ஏற்றிக் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய்த்தான் ஓட்டுவோம். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டிய கரிவரதன் பெயரில் இருக்கிற ட்ராக் அது. வீட்டில் கட்டிய வண்டியை அங்கே இறக்கும்போது மனசு நிறைந்துவிடும்.

சரி, கசிவுக்கு வருகிறேன். பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் கியர்பாக்ஸின் பின்வால், அதாவது ஷாஃப்ட் சொருகும் பின்முனை, ஓரம் ஈரமாக இருக்கும். கீழே விரித்த அட்டையில் எட்டு, பத்து சொட்டு. தொட்டு மோந்து பார்த்தேன், அந்தக் கந்தக நெடி. எஞ்சின் ஆயிலுக்கு அந்த வாசனை கிடையாது, ஆகவே கியர் ஆயில்தான். பின் சீல், அதாவது ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம், போய்விட்டது என்று முடிவு பண்ணினேன்.

நாலு சக்கரத்தையும் ஸ்டாண்டில் ஏற்றி வண்டியை மட்டமாக நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகாதீர்கள். ஆயில் இளஞ்சூடாக இருக்கும்போதே வடித்தேன். ட்ரெய்ன் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் விழுதுபோல ஒட்டியிருந்தது. அது தேய்மானத் தூள், பயமில்லை. செதில் செதிலாக உலோகம் வந்திருந்தால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியிருக்கும். ஷாஃப்டை உருவி, பழைய சீலை எடுத்து, புதுச் சீலின் உதட்டில் க்ரீஸ் தடவி, சரியான அளவு சாக்கெட்டை வைத்து நாலு பக்கமும் சமமாகத் தட்டி உட்காரவைத்தேன். மேல் போல்ட் துளை வழியாகப் புது ஆயிலை வழியும்வரை ஊற்றினேன். ஏறக்குறைய 1.3 லிட்டர் பிடித்தது.

அடுத்த முறை ட்ராக்கில் அதே ஈரம்.

மறுபடி ஷாஃப்டை உருவினேன். மாமா நகத்தால் தடவிப் பார்த்து, ‘சீல் உதடு உரசின இடத்துல பள்ளம் விழுந்திருக்குடா’ என்றார். உண்மைதான், மெல்லிய வரி தெரிந்தது. இன்னொரு புதுச் சீலை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போட்டேன், உதடு தேயாத இடத்தில் உட்காரட்டும் என்று. அதற்கப்புறமும் சொட்டியது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரண்டு வாரம் வண்டியைத் தொடவில்லை. ஒருநாள் காலையில் அட்டையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வண்டி நின்றுகொண்டிருந்த அந்தப் பதினைந்து நாளும் ஒரு சொட்டுகூட விழவில்லை. சீல் கிழிந்திருந்தால் கொஞ்சமாவது வழிந்திருக்க வேண்டும். சூடானால் மட்டும் வெளியே வருகிறது என்றால், உள்ளேயிருந்து எதுவோ தள்ளுகிறது.

மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட்டும் கொண்டு கியர்பாக்ஸ் முழுவதையும் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை மேலே தூவினேன். ஸ்டாண்டில் வைத்தபடியே எஞ்சினை ஓடவிட்டு நாலாவது கியரில் இருபது நிமிடம். பின்சக்கரம் சுற்றும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, மச்சான் வாசலில் காவல் நின்றான். அணைத்துவிட்டு டார்ச் அடித்தால், பவுடரில் ஈரக்கோடு சீலில் மட்டும் இல்லை. கியர் லீவர் அடியிலும் ஒன்று, ரிவர்ஸ் லைட் ஸ்விட்ச் மாட்டும் இடத்தில் இன்னொன்று. மூன்று இடமும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா?

மேலே ப்ரீதர் என்று ஒன்று இருக்கும், உள்ளே சூடாகும் காற்று வெளியேறும் சிறு துளை. அதைத் தேடினேன். சட்டத்துக்குத் துருப்பிடிக்காமல் இருக்க நானே அடித்த கறுப்புப் பூச்சு அதன் மேலும் விழுந்து, துளை முழுசாக மூடிக்கிடந்தது. வாயை வைத்து ஊதினால் காற்றே போகவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கியர்பாக்ஸுக்குள் அடைபட்ட காற்று 25 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கூடும். சீல் உதடு தெறிக்கும் ஆயிலைத் தடுக்கத்தான், அழுத்தத்தைத் தாங்க இல்லை. அதிலும் செவன் மாதிரி வண்டியில் கியர்பாக்ஸ் இரண்டு சீட்டுக்கும் நடுவே ஓடும் ஒடுக்கமான டனலுக்குள், பக்கத்திலேயே சைலன்சர் குழாய், காற்றோட்டம் குறைவு. சூடு இன்னும் ஏறும்.

ப்ரீதரைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் பண்ணினேன். அதன் தலையில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி, டேஷ்போர்டு உயரத்துக்குக் கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டேன். இரண்டு புதுச் சீலையும் நான் குறை சொன்னதெல்லாம் வீண். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள், அடுத்து கட்டுகிறவர்களுக்கு உதவும்.

சிவாஜிநகரிலிருந்து:

அண்ணா, எனக்குக் கசிவு இல்லை, ஆயிலே தப்பாகிவிட்டது. ஒரு கடையில் கியர் ஆயில் 75டபிள்யூ-90 கேட்டேன், அது ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்கிற எண். அதுபோக ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று வகை எண்ணும் டப்பாவில் இருக்கும். கடைக்காரர் ஜிஎல்-5 டப்பாவை எடுத்துக்கொடுத்து, நாலைவிட அஞ்சு ஒசத்தி என்றார். நானும் நம்பிவிட்டேன். 200 கிலோமீட்டர் போவதற்குள் மூன்றாவது கியர் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. நாலு, அஞ்சு என்பது தர வரிசை இல்லை. எந்த வேலைக்கு என்பதைச் சொல்கிற எண். ஜிஎல்-5-இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். பின் ஆக்ஸில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலில் பல்லும் பல்லும் வழுக்கித் தேயும் இடத்துக்கு அது வேண்டும். கியர்பாக்ஸில் கியர் விழுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையமோ பித்தளை. உராய்ந்து பிடித்தால்தான் அதற்கு வேலையே. வழுக்கினால் கியர் பல் மோதும், சிலவகைச் சேர்மானம் பித்தளையை அரிக்கவும் செய்யும். வடித்துவிட்டு ஜிஎல்-4 ஊற்றினேன், 100 கிலோமீட்டரில் மறுபடி வடித்து இன்னொரு முறை ஊற்றினேன். சத்தம் போய்விட்டது. சீக்கிரம் கவனித்ததால் தப்பித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வில்சன் கார்டனிலிருந்து:

நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கீழ் போல்ட்டைத் திறப்பதற்கு முன்னால் மேல் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். நான் உற்சாகத்தில் முதலில் ஆயிலை வடித்துவிட்டேன். அப்புறம் மேல் போல்ட் அசையவே இல்லை, ரிங் ஸ்பேனர் வழுக்கித் தலை உருண்டுபோனது. உள்ளே ஆயில் இல்லாத வண்டியை நகர்த்தவும் முடியாமல் நாலு நாள். கடைசியில் ஒரு வெல்டர் அண்ணன் வந்து உருண்ட தலைமேல் ஒரு நட்டை வெல்டு பண்ணினார். அந்தச் சூட்டில் இறுக்கம் விட்டு, அரைச் சுற்றில் கழன்றது. கண்ணீரே வந்துவிட்டது எனக்கு. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்தேன்.

பீன்யாவிலிருந்து:

தம்பி, முப்பது வருடம் மெஷின் ஷாப்பில் இருந்தவன் சொல்கிறேன். கியர்பாக்ஸ் மூடியில் கசிந்தால் எல்லாரும் சிலிக்கானை அள்ளிப் பூசுகிறார்கள். இறுக்கும்போது அது உள்பக்கமும் பிதுங்கும். பிய்ந்து விழுந்த துண்டு எங்கே போய் அடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? கனமான கண்ணாடிமேல் எமரித் தாளை ஒட்டி, மூடியை எட்டுப் போடுகிற மாதிரி தேயுங்கள். எங்கே பள்ளம் என்று அதுவே காட்டிவிடும். முகம் மட்டமாக இருந்தால் நூலிழை கனத்துக்குச் சிலிக்கான் போதும்.

இன்னொன்று, நிறைய பேர் கவனிக்காதது. அலுமினியக் கூட்டில் சில போல்ட் துளைகள் உள்ளே ஆயில் இருக்கும் இடம்வரை துளைத்துக்கொண்டு போகும். அந்த போல்ட்டுகளின் மரைவழியே ஆயில் ஏறி வந்து தலைக்கடியில் நிற்கும். பார்த்தால் மூடி கசிகிறது என்று தோன்றும். மரையிலும் சீலண்ட் தடவிப் போடுங்கள்.

காப்பர் வாஷரைத் திரும்பப் போடுகிறீர்கள் என்றால் அடுப்பில் பிடித்து மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவையுங்கள். ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும், காய்ச்சினால் மறுபடி மெத்தென்று ஆகும். புது வாஷர் கிடைத்தால் அதுவே நல்லது.

ராமமூர்த்தி நகரிலிருந்து, மறுபடி:

பீன்யா ஐயா சொன்ன மரை விஷயத்தைப் படித்ததும் பின்வால் போல்ட்டுகளைக் கழற்றிப் பார்த்தேன். ஆறில் இரண்டு ஈரம். சீலண்ட் தடவிப் பூட்டினேன்.

போன சனிக்கிழமை கோயம்புத்தூர் போனோம். காலையில் இருபது நிமிடம், மதியம் இருபது நிமிடம். ஒவ்வொரு முறையும் நிறுத்தியவுடன் மச்சான் அட்டையை அடியில் தள்ளினான். சாயங்காலம் ட்ரெய்லரில் ஏற்றுவதற்கு முன்னால் அதை எடுத்துப் பார்த்தோம். காய்ந்தே இருந்தது. மாமாவுக்குப் படம் பிடித்து அனுப்பினேன்.

அடுத்த மாதம் பின் ஆக்ஸிலைத் திறக்கிறேன். சிவாஜிநகர்த் தம்பி, அதற்கு ஜிஎல்-5, கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று இரண்டு டப்பாமேலும் பெயின்ட்டில் பெரிதாக எழுதிவைத்துவிட்டேன். ஆக்ஸிலுக்கும் ஒரு ப்ரீதர் உண்டு. முதலில் அதைத்தான் ஊதிப் பார்க்கப் போகிறேன்.