இளம் குவார்ட்டர்பேக்குக்கு எத்தனை நாள் பொறுக்கலாம்? மூன்று ஊர் ரசிகர்கள் நாங்கள் பார்த்தது

சார்லட், நார்த் கரோலினாவிலிருந்து:

2024 செப்டம்பர் 15 அன்று மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான பாந்தர்ஸின் ஆட்டத்துக்குப் போனேன். அந்த சீசனில் சொந்த ஊரில் முதல் ஆட்டம், எதிரே சார்ஜர்ஸ். 26-3 என்று தோற்றோம். எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பிரைஸ் யங் எறிந்து எடுத்தது மொத்தமே 84 யார்டு. சுற்றிலும் ஊளையிட்டார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் சும்மா இருந்தார். "அந்தப் பையனுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று யோசித்துப் பார்" என்றார். மறுநாளே யங்கை பெஞ்சில் உட்காரவைத்து ஆண்டி டால்டனை இறக்கினார்கள்.

பெரியவர் கேட்டது வீடு வரை கூடவே வந்தது. 2023 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) யங்கை எடுத்த முதல் இடத்தை வாங்க, சிகாகோ அணிக்கு முதல் சுற்றுத் தேர்வு இரண்டு, இரண்டாம் சுற்றுத் தேர்வு இரண்டு, கூடவே டி.ஜே. மூரையும் கொடுத்தோம். பந்தைப் பிடிக்க இருந்த சிறந்த ஆளைக் கொடுத்துவிட்டுத்தான் எறிகிறவனை வாங்கியிருக்கிறோம்! அந்த ஆண்டு யங்கை 62 தடவை சாக் செய்தார்கள், அதாவது எறிவதற்குள் வீழ்த்தினார்கள். தலைமை கோச் ஃபிராங்க் ரைக்கை 11 ஆட்டத்தோடு அனுப்பிவிட்டார்கள். இதை வைத்து 22 வயதுப் பையனை எப்படி எடைபோடுவது?

அப்புறம் டால்டனுக்குக் கார் விபத்தில் கட்டைவிரலில் அடிபட, யங் திரும்பி வந்தார். நவம்பர் 24 அன்று சீஃப்ஸ் ஆட்டத்துக்கும் போனேன். கடைசி நொடியில் அவர்கள் உதைத்த ஃபீல்ட் கோலில் (மூன்று புள்ளி) 30-27 என்று தோற்றோம். ஆனால் அன்று யங் 263 யார்டு எறிந்தார், பயமில்லாமல் நின்று எறிந்தார். என் மகள் தொண்டை கட்டும்வரை கத்தினாள். சீசனின் கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவை ஓவர்டைமில் 44-38 என்று ஜெயித்தோம். இதை அணியின் பொறுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த விபத்து நடக்காமல் இருந்திருந்தால் அவர் இங்கேயே இருந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

பஃபலோவிலிருந்து:

பொறுமை எப்படி இருக்கும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். 2018-இல் எங்கள் பில்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக ஜாஷ் ஆலன் முதல் ஆண்டு ஆடியபோது எறிந்ததில் 52.8 சதவீதம்தான் கைக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்த டச்டவுன் 10, எதிரணி பிடித்துக்கொண்ட இன்டர்செப்ஷன் 12. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது அவரைத் திட்டாத நாள் கிடையாது. 2020 ஜனவரியில் ஹூஸ்டனில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தை நண்பர் வீட்டில் பார்த்தோம். 16-0 என்று முன்னால் இருந்து ஓவர்டைமில் 22-19 என்று தோற்றோம். ஆட்டம் முடியும் தறுவாயில் ஆலன் ஓடிக்கொண்டே பந்தைப் பின்பக்கம் தூக்கிப் போட்டதைப் பார்த்து நண்பர், "இவன் தேறமாட்டான்" என்று எழுந்து போய்விட்டார்.

அணி அப்படி நினைக்கவில்லை. அப்போதைய தலைமை கோச் மெக்டெர்மட், அஃபென்ஸை (தாக்கும் ஆட்டத்தை) கவனித்த டேபோல் இருவரையும் மாற்றவில்லை. இரண்டு மாதத்தில் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து, பந்தைப் பிடிக்க ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கினார்கள். 2020 சீசனில் 69.2 சதவீதம், 37 டச்டவுன். சும்மா காத்திருந்தால் இது நடந்திருக்காது என்றே நம்புகிறேன்.

நியூ ஜெர்சியிலிருந்து:

ஜெட்ஸ் ரசிகனாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் காலம் கொடுத்தால் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. 2021 டிராஃப்டில் இரண்டாவதாக எடுத்த குவார்ட்டர்பேக் ஜாக் வில்சனுக்கு மூன்று சீசன் கொடுத்தோம். 2022 நவம்பரில் பேட்ரியட்ஸிடம் 10-3 என்று தோற்ற அன்று, இரண்டாம் பாதி முழுவதும் ஜெட்ஸ் எடுத்தது இரண்டே யார்டு. டிஃபென்ஸை (தடுத்து ஆடும் சக வீரர்களை) கைவிட்டுவிட்டதாக நினைக்கிறீர்களா என்று நிருபர்கள் கேட்டதற்கு வில்சன் "இல்லை" என்றார். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஸ்கோரைவிட அந்தப் பதில்தான் வலித்தது. தப்பு செய்யட்டும், கற்றுக்கொள்ளட்டும். தப்பு தன்னுடையது என்றே தோன்றாதவருக்காக மற்ற 52 பேரும் எத்தனை நாள் காத்திருப்பார்கள்?

ஆனால் அவருக்கு முன்னால் சாம் டார்னல்டுக்கும் மூன்றே ஆண்டுதான் கொடுத்தோம். அவர் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டோம். 2024-இல் மின்னசோட்டாவில் அவர் 35 டச்டவுன் எறிந்தார், அணி 14 ஆட்டம் ஜெயித்தது. அங்கேயும் 14-ஆம் எண் சட்டைதான். அதே எண் போட்ட ஜெட்ஸின் பச்சைச் சட்டை இன்னும் என் அலமாரியில் மடித்தபடியே இருக்கிறது.