‘ஹேட்’டும் தொப்பி, ‘கேப்’பும் தொப்பியா?

தருமபுரியிலிருந்து, ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிக் கண்காட்சிக்குப் பழைய புகைப்படங்கள் சேர்த்திருக்கிறோம். பாதி லண்டன் தெருக்கள், மீதி நம் பக்கத்துக் குடும்பப் படங்கள். படக்குறிப்புகள் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். சுற்றிலும் விளிம்புள்ள ஹேட்டையும், முன்னால் மட்டும் நாக்கு நீட்டிய கேப்பையும் நாம் தொப்பி என்றே சொல்லிவிடுகிறோம். ஒரு படத்தில் துறைமுகக் கூலிகள் அத்தனை பேர் தலையிலும் கேப். மேற்பார்வையாளர் ஒருவர் மட்டும் பௌலர் என்கிற, உச்சி உருண்ட கெட்டியான ஹேட். ‘தொப்பி அணிந்தவர்கள்’ என்று எழுதினால் யார் கூலி, யார் அதிகாரி என்பதே போய்விடுகிறது. ‘தலையணி’ என்று எழுதிப் பார்த்தேன். அச்சகத்துத் தம்பி ‘தலையணை’ என்று திருத்தி அனுப்பிவிட்டார். ஹேட்டுக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் சொல்லுங்களேன்.

அரூரிலிருந்து, புலவர்:

அம்மா, தொப்பியே வடக்கிலிருந்து வந்தது, குல்லாய் பாரசீகம். அதியமான் ஆண்ட மண்ணில் இருந்துகொண்டு இரவல் சொல் எதற்கு? குறள் 389இல் ‘கவிகை’ இருக்கிறது. கவிந்து நிற்பது கவிகை. ஹேட்டுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

புலவர் ஐயா, அந்தக் கவிகை வேந்தனின் குடை. அதன்கீழ் உலகமே தங்கும். பௌலரின் கீழ் ஒரு குமாஸ்தாவின் வழுக்கைதான் தங்கும்.

எங்கள் வீட்டிலும் ஒரு படம் உண்டு. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஓடத் தொடங்கிய குறுகிய பாதை ரயிலில் தாத்தா கார்டு. தலையில் இருப்பது கேப். அவருக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஒரு துரை, ஹேட்டைக் கழற்றி முழங்கால்மேல் வைத்திருக்கிறார். விளிம்பின் நிழல் கண்ணில் விழும் என்று படம் எடுப்பவர் கழற்றச் சொல்லியிருப்பார். துரையின் நெற்றியில் புருவத்துக்கு மேலே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெயிலில் கறுத்த முகம், மேலே வெளுப்பு. 1941இல் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், படம் மிஞ்சியது. எண்பது வயது அத்தையிடம் காட்டினேன். யோசிக்காமல் ‘துரைத்தொப்பி’ என்றார். இதைவிடவா ஒரு சொல் வேண்டும்?

ஓசூரிலிருந்து:

துரைத்தொப்பி வாய்க்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது. பௌலர் 1849இல் லண்டனில் உருவானதே வேட்டைக்காடு காக்கும் காவலாட்களுக்காக. மரக்கிளை தட்டி விழாத கெட்டியான தொப்பி. குமாஸ்தா பிறகுதான் எடுத்துக்கொண்டார்.

இன்னொன்று: துரைமார் வெயிலுக்குப் போட்ட சோலா தொப்பியை, ‘சோலார்’ என்று நினைத்துச் ‘சூரியத்தொப்பி’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். சோலா ஒரு சதுப்புநிலச் செடி. அதன் தக்கையை நாம் நெட்டி என்கிறோம். ஆகவே நெட்டித்தொப்பி.

ஆசிரியை:

நெட்டித்தொப்பியைச் சேர்த்துவிட்டேன். மற்றது?

பென்னாகரத்திலிருந்து:

நற்றிணையில் பால் விற்கும் இடையன் மழையில் நிற்கிறானே, அவன் முதுகில் கிடக்கும் பறியை எடுத்துக்கொண்டால் என்ன? பனையோலையில் செய்தது, மழை தாங்குவது. இன்று பறி என்றால் மீன் பிடிக்கிற பறி என்பார்கள், தெரியும். அப்படியானால் ‘பரிசல்தொப்பி’? ஒகேனக்கல்லில் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கி வருகிறவரைத் தொலைவிலிருந்து பாருங்கள். உலகத்திலேயே பெரிய ஹேட் அதுதான்.

பாலக்கோட்டிலிருந்து:

பேசாமல் ‘விளிம்புத்தொப்பி’ என்று போடுங்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். விளிம்பையுடைய தொப்பி, உருபும் பயனும் உடன்தொக்க தொகை, ஒற்று மிகும். விளிம்பு என்றால் தட்டுக்கும் கிணற்றுக்கும்கூட உண்டே என்பவர்களுக்கு, நான் வீடு கட்டுகிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்: அந்தப் பகுதி வேலை செய்வது கூரையின் இறவாரம் போல. மழையையும் வெயிலையும் சுவரைவிட்டுத் தள்ளி இறக்குகிறது. தொப்பியின் இறவாரம் என்று சொல்லிப் பாருங்கள்.

அரூர் புலவர்:

இறவாரம் அருமையான சொல். அதனுடன் தொப்பியை ஒட்டுகிறீர்களே என்பதுதான் வருத்தம். ‘இறவாரக் கவிகை’?

கிருஷ்ணகிரி:

ஐயா, அது ஓட்டு வீட்டுக்கு மேல் குடை பிடித்ததுபோல் இருக்கிறது.

ஆசிரியை:

வியாழன் இரவு ஆகிவிட்டது. விளிம்புத்தொப்பிக்கு நான்கு பேர், துரைத்தொப்பிக்கு ஒருவரும் அவருடைய அத்தையும், கவிகைக்குப் புலவர் ஐயா. ஹேட் விளிம்புத்தொப்பி, கேப் வெறும் தொப்பி என்று அனுப்பிவிட்டேன். இறவாரம் ஒரே ஒரு குறிப்பில், முழங்கால்மேல் ஹேட் இருக்கும் படத்தில் வருகிறது. அத்தையின் சொல்லையும் அதே குறிப்பில் மேற்கோள்குறிக்குள் போட்டிருக்கிறேன்.

அரூர் புலவர்:

பெரும்பான்மைக்குப் பணிகிறேன், உடன்படவில்லை. ஒரு ஐயம்: கேப்பிலும் முன்னால் ஒரு விளிம்பு இருக்கிறதே, அதற்கு என்ன பெயர்?

ஆசிரியை:

ஐயா, அச்சகம் மூடிவிட்டது.