“உன் நாட்டுக்குப் போ”: பர்மாவில் இதைக் கேட்டவங்க இருந்தா சொல்லுங்க

பெகுக்காரி

மகளுக்கு 18 ஆச்சு, குடியுரிமை அட்டை மாத்தப் போனோம். படிவத்துல இனம்னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல அவளே பர்மிய எழுத்துல ‘தமிழ்’னு எழுதிட்டா. கவுண்டர்ல இருந்தவர் பார்த்தார். திட்டல, முறைக்கல. டிராயரைத் திறந்து ஸ்கேலை எடுத்தார். அந்த எழுத்து மேல வெச்சு, சிவப்புப் பேனாவால நேரா ஒரு கோடு இழுத்துட்டு, மேல ‘இந்து’ன்னு எழுதினார். அடுத்த கட்டம் மதம். அதுலயும் இந்து. “சயா (ஐயா), ரெண்டும் ஒண்ணாவே இருக்கே”ன்னு மக கேட்டா. “அரசாங்கம் ஏத்துக்கிட்ட 135 இனம் இருக்கிற பட்டியல்ல நீ சொல்றது இல்லேம்மா”ன்னார். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார்.

அந்த ஸ்கேல்தான் என்னை விட்டுப் போக மாட்டேங்குது. எத்தனை பேருக்குப் போட்டிருந்தா கை அவ்வளவு நேராப் போகும்?

இவ சின்னதுல பிப்ரவரி 12 யூனியன் தினத்துக்கு கச்சின் பொண்ணு வேஷம் கட்டி ஆடினவ. ஷான் வேஷம், கரேன் வேஷம்னு எல்லாத்துக்கும் துணி தைச்சுக் கொடுத்திருக்கேன். நம்ம வேஷம்னு அந்த மேடையில ஒண்ணு கிடையாது. அப்ப எனக்கு இது உறைக்கவே இல்ல.

துவுன்னா கேலரி

அக்கா, ஆபீஸ்காரங்க பேச்சு எனக்குப் பழகிப்போச்சு. ஆறாதது 2013 டிசம்பர்தான். சீ கேம்ஸ்னு தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி, ரங்கூன் துவுன்னா ஸ்டேடியத்துல கால்பந்து, இந்தோனேசியாகிட்ட 1-0ன்னு தோத்தோமே அந்த ராத்திரி. கன்னத்துல மஞ்சள், பச்சை, சிவப்பு, நடுவுல வெள்ளை நட்சத்திரம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. முடிஞ்சதும் ரகளை தெரியும்ல, பாட்டில் பறக்குது, அங்கங்கே நெருப்பு. நான் உக்காந்து அழுதுட்டிருக்கேன். ஆட்டம் பூரா என் தோளைப் பிடிச்சுக் குதிச்சவன், பேரு கூட கேட்டுக்கல, குனிஞ்சு பார்த்து, “ஏய் கலா, நீ ஏன் அழுவுறே, தோத்தது உங்க டீமா?”ன்னான். கலான்னா இந்தியச் சாயல்ல இருக்கிறவங்களை இங்க இளக்காரமாக் கூப்பிடுற பேரு. ஆனா சிரிச்சுக்கிட்டே, பாசமாத்தான் கேட்டான். கையில இருந்த தண்ணி பாட்டிலையும் நீட்டினான்.

இந்தியா கால்பந்து டீம்ல ஒருத்தன் பேரு எனக்குத் தெரியாது. இன்னிக்கும் தெரியாது.

வியாசர்பாடி பர்மாக்காரன்

நீங்க ரெண்டு பேரும் அங்கேயே இருக்கீங்க, கொடுத்து வெச்சவங்க. எங்க கதை வேற. 64 மார்ச்ல எங்க அப்பா கடையை அரசாங்கம் எடுத்துக்கிட்டு ‘மக்கள் கடை’ன்னு நம்பர் போட்டு பலகை மாட்டுச்சு. மே மாசம் 50, 100 சாட் நோட்டு செல்லாதுன்னு ராணுவ ஆட்சியாளர் நே வின் அறிவிச்சார். அப்புறம் என்ன, கப்பல்தான்.

ரங்கூன் துறைமுகத்துல சோதனை மேசை. அம்மாவுக்கு வளையல் கழலல. அந்த அதிகாரி ஒரு ஈயக் கிண்ணத்துல சோப்புத் தண்ணி கலந்து கொண்டாந்து அம்மா முன்னாடி வெச்சார். அம்மா தானே கையை விட்டுக் கழட்டினாங்க. என் தங்கச்சி வீல்னு கத்தினா, அவர் பையிலிருந்து பனை வெல்லக் கட்டி ஒண்ணு எடுத்து அவ வாயில போட்டார். அவரைத் திட்டலாம்னா அந்த வெல்லக் கட்டி குறுக்க வந்து நிக்குது.

சென்னையில இறங்கினா இங்க ‘பர்மாக்காரன்’. ரேஷன் கடையில, பள்ளிக்கூடத்துல, பொண்ணு பார்க்கப் போன வீட்டுலயும் அதான். எங்க அப்பா சாகுற வரைக்கும் வருஷா வருஷம் ஜனவரி 4 காலையில தலைக்குக் குளிச்சுட்டு, டிரங்குப் பெட்டியில இருக்கிற பட்டு லுங்கியைக் கட்டிக்கிட்டுத் திண்ணையில உக்காந்திருப்பார். யார்கிட்டயும் பேச மாட்டார். ஆகஸ்ட் 15க்குத் தெருவுல மிட்டாய் கொடுத்தா வாங்கிக்குவார், அத்தோட சரி. துரத்தின நாட்டுக்குச் சுதந்திர தினமான்னு அம்மா கேப்பாங்க. (பர்மா பஜார்ல அத்தோ தின்னுட்டு செல்ஃபி போடுற பசங்ககிட்ட இதெல்லாம் சொல்லிப் பிரயோஜனமில்ல.)

பென்ஷன் சயா

பெகு அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ‘தமிழ்’னு எழுதினது வேண்டாத வேலை. அந்தக் கட்டத்தால சோறு வராது. அட்டை எண்ணுக்கு நடுவுல அடைப்புக்குள்ள இருக்கிற எழுத்தைப் பாருங்க. ‘நைங்’னு இருந்தா முழுக் குடியுரிமை, ரோஸ் அட்டை. ‘ஏ’ன்னா இணைக் குடியுரிமை, நீல அட்டை. ‘ப்யு’ன்னா பதிவுக் குடியுரிமை, பச்சை அட்டை. 1982 சட்டம் கொண்டாந்த பிரிவு இது. 1823க்கு முன்னாடி இங்க குடியிருந்த இனங்களைத்தான் பூர்வீக இனம்னு சட்டம் எடுத்துக்கும், நம்ம ஆளுங்க வந்தது பெரும்பாலும் அதுக்கப்புறம். அதுக்காகப் பயப்பட வேண்டியதில்ல. அந்தச் சட்டம் வந்த அன்னிக்கு ஏற்கெனவே குடிமக்களா இருந்தவங்களைக் குடிமக்களாவே வெச்சிருக்கு. மத்த ரெண்டு வகையில உள்ளவங்களுக்கும் மூணாவது தலைமுறைப் பிள்ளைக்கு முழு உரிமைக்கு வழி இருக்கு.

அதனால இப்பவே செய்ய வேண்டியது: தாத்தா பாட்டியோட பழைய மூணு மடிப்பு அட்டை இருந்தா தேடி எடுங்க. 1948 ஜனவரி 4க்கு முன்னாடி இங்க இருந்ததைக் காட்டுற எதுவும் தங்கம். பிறப்புச் சீட்டு, நிலவரி ரசீது, அரிசி ஆலைச் சம்பளச் சீட்டு, கோயில் கல்யாணப் பதிவு, எதுவா இருந்தாலும் எடுத்து வைங்க. குடும்பப் பட்டியல்ல பேரு எழுத்து மாறியிருக்கான்னு பாருங்க. முனியாண்டியைப் பர்மிய எழுத்துல நாலு விதமா எழுதலாம், நாலும் நாலு ஆளாயிடும். பிள்ளைக்குப் பர்மியப் பேரு ஒண்ணு சேர்த்து வைங்க. எல்லாத்தையும் நகல் எடுத்து வேற வீட்டுல ஒரு கட்டு வைங்க, தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க? ஆபீஸ்ல போய்க் கேள்வி கேக்காதீங்க, கேக்குற பிள்ளையைக் கூட்டிட்டுப் போகாதீங்க.

நடந்தது சொல்லணும்னா எனக்கும் ஒண்ணு உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்னிக்கு மேலதிகாரி மாலை போட்டு, “நம் நாட்டுக்கு இவ்வளவு காலம் உழைத்த விருந்தாளி”ன்னு பேசினார். எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். அது கிடக்கட்டும். நகல் எடுக்கும்போது ரெண்டு பக்கமும் எடுங்க.

எல்லை தாண்டினவன்

சயா, எங்க வீட்டுல எல்லாருக்கும் ‘நைங்’தான். கேளுங்க.

2021 பிப்ரவரி, ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதை எதிர்த்து ராத்திரி 8 மணிக்கு ஊரே பாத்திரம் தட்டுச்சே. எதிர் வீட்டு அம்மா, எங்க சாம்பிராணிப் புகை வந்தா ஜன்னலைப் படார்னு அடைக்கிறவங்க, மூணாவது நாளோ என்னவோ எங்க வாசலுக்கே வந்துட்டாங்க. சாமி ரூம்ல இருக்கிற சேகண்டியைக் கேட்டாங்க. “இதுலதான் சத்தம் நல்லா வருது, கொடுங்க.” எங்க ஆத்தா மறு பேச்சு இல்லாம எடுத்துக் கொடுத்துச்சு. அந்தம்மா நடுத்தெருவுல நின்னு அதை அடிச்ச அடி இருக்கே! அன்னிக்கு ராத்திரி எனக்கு இது என் தெரு, என் நாடு, சந்தேகமே கிடையாது.

அப்புறம் 2024 பிப்ரவரி. கட்டாய ராணுவ சேவைன்னு அறிவிச்சாங்க, ஆம்பளைக்கு 18லிருந்து 35, பொம்பளைக்கு 18லிருந்து 27. எங்க பகுதி ஆளு லிஸ்ட்டோட வந்தார். இத்தனை வருஷமா எங்க அப்பா பேரை எவனும் ஒழுங்காச் சொன்னதில்ல. அன்னிக்கு அவர் ஒரு எழுத்து பிசகாம வாசிச்சார். இனமும் கேக்கல, மதமும் கேக்கல. துப்பாக்கி தூக்க மட்டும் நான் சுத்தமான மியன்மார்க்காரன்.

இப்ப தாய்லாந்துல இருக்கேன். எந்த ஊருன்னு கேட்டா மியன்மார்னுதான் சொல்றேன். மூஞ்சியைப் பார்த்துட்டு மறுபடி கேக்குறாங்க.

காளி கோயில் தெரு

பென்ஷன் ஐயா, தகவலுக்கு நன்றி. ஆனா கேக்குற பிள்ளையைக் கூட்டிட்டுப் போகாதேன்னீங்களே, அதை நான் ஏத்துக்க மாட்டேன். அந்தப் பொண்ணு கேட்டதுல என்ன தப்பு?

என் கதை ஜூலை 19ல நடந்தது. தியாகிகள் தினத்துக்குக் காலை 10:37க்குச் சங்கு ஊதுவாங்கல்ல, அப்ப கடையில இருந்தேன். எழுந்து கையைக் கட்டி நின்னேன், எப்பவும் நிக்கிறதுதான். தெருவுல வண்டியெல்லாம் நிறுத்தி ஹாரன் அடிக்கிறாங்க. சாமான் வாங்க வந்த ஒரு சின்னப் பையன், காலேஜ் வயசு, போனைப் பார்த்துக்கிட்டே, “மாமா, உங்களுக்கு என்ன இதுல, சில்லறையைக் கொடுங்க”ன்னான்.

சங்கு நிக்கிற வரைக்கும் நான் அசையல. அப்புறம் கேட்டேன், 1947ல சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சானோட சுடப்பட்டவங்க பேரைச் சொல்லு பார்ப்போம்னு. நாலு பேரு சொன்னான். ஊ ரசாக் பேரு வரல. கல்வி மந்திரி, மாண்டலேயில தலைமையாசிரியரா இருந்தவர், அப்பா இந்திய முஸ்லிம், அம்மா பர்மிய பௌத்தர். அவருக்குக் காவலுக்கு இருந்த கோ துவேங்கிற பையனும் சேர்ந்துதான் செத்தான். சொன்னேன். அவன், “அப்படியா, அவர் கலாவா?”ன்னான். கேலி இல்ல, நெசமாவே ஆச்சரியம். போனை எடுத்து அங்கேயே தேடிப் பார்த்துட்டு, சில்லறையை வாங்காமலே போயிட்டான். 200 சாட். அடுத்த நாள் வந்து வாங்கிக்கிட்டான், அது வேற.

பென்ஷன் சயா

ரசாக் ஐயா காலம் வேற தம்பி. அவர் சாகுறப்போ குடியுரிமைச் சட்டமே வரல, முதல் சட்டம் 48லதான் வந்துச்சு. இன்னிக்கு இருந்திருந்தா அவரும் அம்மாவோட அட்டை, அப்பாவோட அட்டைன்னு ரெண்டு கட்டு வெச்சுக்கிட்டு வரிசையில நின்னிருப்பார். கடையில பையன்கிட்ட வீரம் பேசலாம், கவுண்டர்ல பேச முடியாது.

துவுன்னா கேலரி

சயா, உங்க மேலதிகாரி உங்களை விருந்தாளின்னப்போ கை தட்டாம இருந்திருந்தா பென்ஷன் நின்னிருக்குமா? சும்மா கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க.

பென்ஷன் சயா

நின்னிருக்காது. மாலை கனமா இருந்துச்சு, கீழ இறங்கணும்னு தோணுச்சு, தட்டினேன்.

பெகு அம்மா, பழைய அட்டை கிடைச்சா லேமினேட் பண்ணாதீங்க. மடிப்பு கிழிஞ்சிருந்தாலும் அப்படியே பிளாஸ்டிக் உறையில போட்டு வைங்க. மேல முத்திரை தெரியணும்.