பென் டிரைவ் காலி, நீலப் பட்டை மட்டும் பாதிக்கு மேல!

கடைக்காரன்:
காலேஜ் பக்கத்துல ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். ப்ராஜெக்ட் கொடுக்கிற கடைசி நாள். ஒரு பொண்ணு மூச்சு வாங்க வந்து, "அண்ணா, ரெண்டு காப்பி, ஸ்பைரல் போட்டுக் குடுங்க"ன்னு பென் டிரைவை நீட்டுச்சு.

விண்டோஸ் கீயோட இ-யைத் தட்டி ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தேன். உள்ள ஒரே ஒரு ஐகான், அச்சு அசல் டிரைவ் மாதிரி. ஆனா மூலையில குட்டி அம்புக்குறி. ஷார்ட்கட் வைரஸ்! ஃபைலை எல்லாம் ஒளிச்சு வச்சிட்டு போலி ஐகானைக் காட்டும், அதை கிளிக் பண்ணா கம்ப்யூட்டர்லயும் ஒட்டிக்கும். மவுஸுக்குப் போன கையை இழுத்துக்கிட்டேன். (முன்னாடி ஒரு தடவை யோசிக்காம கிளிக் பண்ணி, அன்னிக்கு கடைக்கு வந்த எல்லார் பென் டிரைவுக்கும் நானே ஒட்டவச்சு அனுப்பியிருக்கேன். யாரும் சண்டைக்கு வரல, அவங்க பெருந்தன்மை.)

"எல்லாம் போச்சா அண்ணா?" அழுகுற நிலைமை. திஸ் பிசி-யைத் திறந்து காட்டினேன். 8 ஜிபி டிரைவ், நீலப் பட்டை பாதிக்கு மேல. "இடம் அடைச்சிருக்குல்ல? அப்போ உள்ளதாம்மா இருக்கு."

வியூவுல ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் பண்ணா மட்டும் பத்தாது. இந்த வைரஸ் ஃபோல்டரை சிஸ்டம் ஃபைல்னும் முத்திரை குத்திடும். ஆப்ஷன்ஸ்ல 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுக்கணும். விண்டோஸ் மிரட்டும், யெஸ் குடுங்க. குடுத்ததும் மங்கலா ஒரு ஃபோல்டர் எட்டிப் பார்த்துச்சு. பேர் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை.

உள்ள போனா 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் லாஸ்ட்'. எது கடைசின்னு அந்தப் பொண்ணுக்கே தெரியல! டீடெயில்ஸ் வியூ வச்சு 'டேட் மாடிஃபைடு' தலைப்பைத் தட்டினேன். மேல வந்தது 'ஃபைனல் நியூ', விடியக்காலை 1:40. "ஆமாண்ணா, கரண்ட் போய் வந்தப்புறம் இதுலதான் திருத்துனேன்."

ரிட்டயர்டு வாத்தியார்:
எனக்கும் பென் டிரைவ் கதைதான் தம்பி, ஆனால் சோகம். இடம் வேண்டும் என்று அதிலிருந்த படங்களை எக்ஸ்ப்ளோரரில் மொத்தமாக செலக்ட் செய்து டெலிட் கொடுத்தேன். பேத்தி காதுகுத்துப் படங்களும் சேர்ந்து போய்விட்டன. ரீசைக்கிள் பின்னில் கிடக்கும் என்று நினைத்தேன். பென் டிரைவில் அழித்தால் அங்கே வராதாமே! நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று அது கேட்டபோது படிக்காமலே யெஸ் அழுத்தியிருக்கிறேன். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் 'கேள்வியை முழுசாப் படி' என்று கத்தியவன்!

கடைக்காரன்:
சார், அதுக்கப்புறம் அதுல புதுசா ஏதாவது ஏத்துனீங்களா? ஏத்தலைன்னா அப்படியே உருவி எடுத்துட்டு வாங்க. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டா கொஞ்சமாவது வரும். பேரெல்லாம் போய் வெறும் நம்பராகூட வரலாம், உக்காந்து பொறுக்கணும்.

ரிட்டயர்டு வாத்தியார்:
ரெண்டு பக்திப் பாட்டு ஏற்றினேன். நாளைக்குக் காலையில் வருகிறேன்.