புளியமரத்தடி மாருதி: வீட்டு வாசலிலேயே பழைய காரைச் சரிசெய்த அனுபவங்கள்

காவேரிப்பட்டணம், மாருதி 800, 1998 மாடல்

சித்தப்பாவின் மாருதி 800 ஐந்து வருடம் புளியமரத்தடியில் நின்றது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதை விட்டுவிட்டார். 2024 பொங்கல் முடிந்து காயலாங்கடைக்காரர் ஒருவர் வந்து பதினெட்டாயிரம் என்று விலை பேசிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "நீ எடுத்துக்கோப்பா, உடைக்கக் கொடுக்க மனசு வரல" என்றார். எனக்கும் அந்த வண்டியில்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மறுநாளே டிராக்டரில் கட்டி இழுத்து வந்தேன்.

கிட்டத்தட்ட ஒரு வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை. மொத்தச் செலவு, பெயர் மாற்றம், ஆர்.சி. புதுப்பித்தல், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 54,000 ரூபாய் சொச்சம். இதில் பெயிண்ட் இல்லை. வண்டி இன்னும் பழைய நிறத்தில்தான் ஓடுகிறது, பானெட்டில் இரண்டு இடத்தில் பிரைமர் தெரிகிறது. கையில் காசு குறைவாக இருக்கும்போது அதை எங்கே முதலில் போடுவது என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். என்னைக் கேட்டால் ரேடியேட்டர் தண்ணீர், பிரேக், தரைத்தகடு, கரண்டு. இந்த நாலும் முடிகிற வரைக்கும் பெயிண்ட் கடைப் பக்கமே போக வேண்டாம்.

முதலில் தண்ணீர். புது பேட்டரி போட்டு, பிளக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தேன். எழுந்துவிட்டது. சந்தோஷத்தில் கே.ஆர்.பி. அணை வரைக்கும் போகலாம் என்று கிளம்பினேன். பாதி வழி கூடப் போகவில்லை, டெம்பரேச்சர் முள் மேலே ஏறிவிட்டது. உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். அன்றைக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இழுத்திருந்தால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்திருக்கும்.

ரேடியேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பெரியவரிடம் போனேன். நாற்பது வருடமாக ரேடியேட்டர் வேலை மட்டும்தான் செய்கிறாராம். மேல் தொட்டியின் ஈயப்பற்றை நெருப்பு காட்டி உருக்கிக் கழற்றினார். உள்ளே பார்த்தால் பாதிக் குழாய்களின் வாய் வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. ஒரு மெல்லிய பட்டைக் கம்பியை உள்ளே விட்டு இழுத்தார். உள்ளங்கை நிறையத் தூள் கொட்டியது. "தம்பி, இது ரேடியேட்டர் இல்ல, சுண்ணாம்புக் காளவாய்" என்றார்.

நம்ம பக்கம் போர் தண்ணீரைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டரை அடைப்பது ஃப்ளோரைடு இல்லை, அது பல்லுக்கும் எலும்புக்கும் எதிரி. அடைப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள். சூடாகும்போது அவை பிரிந்து ஓடாகப் படிகின்றன. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். குறைந்தால் மேலே ஊற்று, குறைந்தால் மேலே ஊற்று என்று இருபது வருடம் போர் தண்ணீர் ஊற்றினால் வேறென்ன ஆகும்?

கூலி 1,600 ரூபாய். அப்புறம் பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி, கூலண்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு, இருக்க வேண்டிய இடம் காலி. எப்போதோ யாரோ ஒரு மெக்கானிக், இந்த ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று பிடுங்கிப் போட்டிருக்கிறார். இது பரவலாக நடக்கிறது, ஆனால் தப்பு. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோல் கூடக் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். புதிது வாங்கி, நூலில் கட்டி, அடுப்பில் தண்ணீர் காயவைத்து அதற்குள் தொங்கவிட்டுப் பார்த்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிப்பதற்கு முன்பே அந்தச் சின்னத் தட்டு மெல்லத் திறந்தது. வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. ஐந்து நிமிட வேலை, மனசுக்கு அவ்வளவு நிம்மதி.

பிரேக்கில் கஞ்சத்தனமே கூடாது. நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். திறந்து பார்த்தால் டிக்காஷன் நிறம். பின் சக்கரம் இரண்டிலும் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிவிட்டது. பெடல் அமுக்கும் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், ஷூ, பேட் எல்லாமே புதிது, 6,400 ரூபாய். ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே உப்பி வழி அடைந்திருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுப்பதற்கு என் மகள்தான் பெடலில் உட்கார்ந்தாள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்தோம். சக்கரத்தில் காற்றை வெளியே விடும் நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையை பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கிவிட்டேன். "அமுக்கு பாப்பா... அப்படியே பிடி... இப்ப விடு" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் கொடுக்க வேண்டியது. நான் நிப்பிளை இறுக்கும் வரை அவள் காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். முட்டை முட்டையாக வந்த குமிழி நின்று, ஆயில் மட்டும் தெளிவாக வந்ததும் அவளே, "அப்பா, பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சு" என்றாள்.

தரைத்தகடு நான் எதிர்பார்க்காத செலவு. டிரைவர் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டை உரித்து, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். டக் டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத் என்று மாறியது. முனையால் அழுத்தினேன், நேராக வாசல் மண் தெரிந்தது. காரணம் புளிய இலைதான். முன் கண்ணாடிக்குக் கீழே மழைத்தண்ணீர் வடியும் வழியில் அந்தப் பொடி இலைகள் விழுந்து மக்கி, சேறாக அடைத்துவிட்டன. ஐந்து மழைக்காலத் தண்ணீரும் வண்டிக்குள்தான் இறங்கியிருக்கிறது. மரநிழலில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை அந்த இடத்தைக் கையால் துழாவிச் சுத்தம் செய்யுங்கள்.

ஓட்டையின் மேல் பட்டி பூசி மறைக்கச் சொன்னவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். சீட்டைத் தாங்குவது அந்தத் தகடு. துருவை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, 20 கேஜ் தகட்டில் துண்டு போட்டு வெல்டிங் வைத்தோம். அதற்கு முன்னால் பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றி வண்டியை விட்டுத் தூரமாக வைத்தேன். பக்கத்தில் ஒரு பக்கெட் மணலும் நனைத்த சாக்கும். வெல்டிங் ஆறியதும் கம்பி பிரஷ், துரு மாற்றும் திரவம், துத்தநாக பிரைமர், இணைப்புகளில் சீலன்ட், கடைசியில் அடிப்பக்கம் கோட்டிங். எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம்.

ஆர்.சி. விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சொந்த வண்டிக்குப் பதிவு முதலில் 15 வருடம் செல்லும், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். காருக்குக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600லிருந்து 5,000 ஆனது. தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 தாமதக் கட்டணம். என் வண்டியின் ஆர்.சி. 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டதால் அதுவே ஏழாயிரத்தைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் கடந்த காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ஆனது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன்பு ஆர்.சி. புக்கில் தேதியைப் பாருங்கள்.


அரூர், பிரீமியர் பத்மினி, 1989 மாடல்

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. நான் பெட்ரோல் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

அப்பா காலத்து பத்மினி. இரண்டு மாதம் எடுக்காமல் விட்டு, ஆயுதபூஜைக்குக் கழுவலாம் என்று ஷெட்டைத் திறந்தேன். உள்ளே பெட்ரோல் வாடை. கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைத் தொட்டால் ஊறிய அப்பளம் மாதிரி நசுங்கியது. விரலில் கறுப்பு ஒட்டியது. அந்த நேரத்தில் யாராவது சாவியைத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இன்றைக்கும் நடுங்குகிறது.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்புரேட்டர் வண்டிகளின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் ரப்பரை உப்ப வைக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த பிசினைக் கரைத்து, நேராகக் கார்புரேட்டரின் பொடி ஓட்டையான ஜெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நான் செய்தது: எத்தனால் தாங்கும் குழாய் கேட்டு வாங்கி டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மொத்தமும் மாற்றினேன். ஏ.சி. பம்ப் என்கிற பெட்ரோல் பம்பின் டயாபிரம், கார்புரேட்டர் கிட் இரண்டும் புதிது. டேங்கைக் கழற்றி ஒரு முழம் சைக்கிள் செயினை உள்ளே போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை எடுத்தேன். இப்போது வாரம் ஒருமுறையாவது மொரப்பூர் வரை ஓட்டிவிட்டு வருகிறேன். நிறுத்தி வைத்தால்தான் இந்த வண்டிகள் கெடுகின்றன.


தர்மபுரி, அம்பாசடர் டீசல்

தொப்பூர் கணவாயில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிரேக் லைனிங் விலை குறைவாகக் கிடைத்தது என்று மாற்றிய அடுத்த வாரம், குடும்பத்தோடு சேலத்துக்குக் கல்யாணம். என் வண்டியில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். நாலாவது கியரில் பிரேக்கை மிதித்து மிதித்தே இறங்கிக்கொண்டிருந்தேன். கருகிய வாடை வந்தது, பெடல் இருக்கிறது, ஆனால் வண்டி பிடிக்கவில்லை. முன்னால் சரக்கு லாரி. பின் சீட்டில் அம்மா. கடவுள் புண்ணியத்தில் மூன்றுக்கும், அப்புறம் இரண்டுக்கும் கியர் இறங்கியது. கை பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இடது ஓரத்தில் நிறுத்தினேன். கை நடுக்கம் அடங்கவே பத்து நிமிடம் ஆனது.

அங்கே நின்ற ஒரு லாரி டிரைவர் ஓடி வந்து, "தண்ணி மட்டும் ஊத்திடாதீங்கண்ணா, டிரம் வெடிச்சிடும். தானா ஆறட்டும்" என்றார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஏறும்போது எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். லைனிங்கை அந்த வாரமே கழற்றி எறிந்துவிட்டு நல்லதாகப் போட்டேன்.


ஓசூர், மாருதி 800, 2003 மாடல்

ஆசைப்பட்டுச் செய்த மாற்றங்களைப் பற்றி நான் சொல்கிறேன். பெங்களூரு சிவாஜி நகரில் பழைய அலாய் வீல் நாலு, பெரிய அளவு, டயரோடு மலிவாக வாங்கி வந்தேன். சைலன்சரையும் சத்தம் வரும்படி மாற்றினேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் உள் ஃபெண்டரில் உரசியது. ஸ்பீடோமீட்டரும் தப்பாகக் காட்டியது. ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்துவிட்டு, கம்பெனி கொடுத்த மாதிரி மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரிதான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பழைய 12 அங்குல சக்கரத்தை மறுபடி மாட்டினேன். ஸ்டியரிங் பூப்போல ஆகிவிட்டது.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், கடைசி இரண்டு இலக்கம் தயாரித்த வருடம். எனக்கு மலிவாகக் கிடைத்ததில் 2311 என்று இருந்தது. 2011ஆம் வருடத்து டயர். பட்டன் தேயவில்லை என்பதற்காக அதை நம்பி நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது.


பாலக்கோடு, புதிதாக 1996 மாடல் 800 வாங்கியவர்

காவேரிப்பட்டணம் அண்ணா, நாலாவதாகக் கரண்டு என்றீர்கள், அதைப் பற்றி எழுதவே இல்லையே? என் வண்டியில் ஹெட்லைட் மங்கல். விடியற்காலை தக்காளி மண்டிக்குப் போகும்போது ரோடே தெரியவில்லை. அதிக வாட் பல்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா?


காவேரிப்பட்டணம், மாருதி 800

போடாதீங்க தம்பி. 60/55 வாட்தான் அந்த வயருக்கும் சட்டத்துக்கும் சரி. கூட்டினால் சுவிட்ச் உருகும், எதிரே வருகிறவருக்கும் கண் கூசும். பல்பில் குறை இருக்காது, பல்புக்குப் போய்ச் சேரும் கரண்டில்தான் குறை.

மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள், முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். அப்புறம் பல்பு ஹோல்டரில் அளந்து பாருங்கள். எனக்குப் பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பில் 11.4தான் வந்தது. மிச்சமெல்லாம் பழைய சுவிட்சிலும் மெல்லிய வயரிலும் சூடாகப் போய்விடுகிறது.

இரண்டு ரிலே வாங்குங்கள், சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச் அது. ஒன்று லோ பீமுக்கு, ஒன்று ஹை பீமுக்கு. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பியூஸ் வழியாகத் தடிமனான வயர் ரிலேயின் 30ஆம் முனைக்கு. 87ஆம் முனையிலிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் வயர் 86க்கு, 85 பாடி எர்த்துக்கு. இப்போது சுவிட்ச் வழியாக ரிலேயை இழுக்கும் அளவு கரண்டு மட்டும்தான் போகும். பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். எர்த் போல்ட் இருக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிந்த பிறகு முறுக்குங்கள். எலி கடித்த வயர் இருந்தால் டேப் சுற்றி விடாமல், வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள். எனக்கு டேஷ்போர்டுக்குப் பின்னால் மட்டும் ஏழு இடத்தில் கடித்திருந்தது.

வேலை முடித்து அளந்தபோது பல்பில் 13.4 வந்தது. அதே பல்புதான், ஆனால் சித்தப்பா வீட்டுப் புளியமரத்தின் உச்சிக் கிளை வரைக்கும் வெளிச்சம் போனது. சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "அடேய், லைட்டை அணைடா, கண்ணு கூசுது" என்றார்.

நீங்கள் மீட்டர் வாங்கும் வரை என்னுடையதை எடுத்துக்கொண்டு போங்கள். ஞாயிறு காலையில் வீட்டில்தான் இருப்பேன்.