42 வயதில் முழங்கால் தேய்மானம்: குருத்தெலும்பை மீண்டும் வளர்க்க முடியுமா?

பிறைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 42. பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் பெரும்பாலும் நின்றபடியே வேலை செய்கிறேன். 23 வயதில் காற்பந்து ஆடும்போது வலது முழங்காலின் உள்பக்கச் சவ்வு (எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ்) கிழிந்துவிட, அறுவை சிகிச்சையில் அதன் பெரும்பகுதியை அகற்றினார்கள். அதன்பின் நீண்ட காலம் தொல்லை இல்லை. கடந்த மூன்று ஆண்டுகளாக அதே உள்பக்கத்தில் வலி கூடிக்கொண்டே போகிறது. இவ்வாண்டுத் தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் படிகளை எப்படியோ ஏறிவிட்டேன். இறங்குவதற்குத்தான் மனைவியின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒரு மருத்துவர், 55 வயது வரை மாத்திரையில் பொறுத்துக்கொண்டு பிறகு மூட்டை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். மற்றொரு தனியார் சிகிச்சை நிலையத்திலோ, ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச்செல்) ஊசி போட்டால் குருத்தெலும்பு, அதாவது மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான உறை, புதிதாக வளர்ந்துவிடும் என்று உறுதி கூறுகிறார்கள். இன்னும் பதிமூன்று ஆண்டுகள் இந்த வலியோடு எப்படி வேலை செய்வது என்று தெரியவில்லை. என் வயதில் இருப்பவருக்கு, மூட்டை மாற்றாமல் காப்பாற்றும் வழி உண்மையில் இருக்கிறதா?

இயன்முறையாளர், கோலாலம்பூர்:

வணக்கம் ஐயா. வழி இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்பு உங்களுடையது பள்ளமா, தேய்மானமா என்று தெரிய வேண்டும். சுற்றிலும் குருத்தெலும்பு நன்றாக இருந்து ஓரிடத்தில் மட்டும் பெயர்ந்திருந்தால், ஒட்டுப்போடுவதற்கு உறுதியான விளிம்பு இருக்கிறது என்று பொருள். மூட்டின் இரு பரப்புகளும் பரவலாகத் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசத் தொடங்கியிருந்தால் அந்த விளிம்பே இராது. குருத்தெலும்புச் சீரமைப்புகள் பெரும்பாலும் முதல் வகையினருக்காக உருவானவை.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதனால்தான் தோல் காயம் ஆறுவதைப்போல அது தானாக ஆறுவதில்லை. அமெரிக்க மருத்துவர் ஸ்டெட்மன் 1980களில் பரப்பிய முறையில், பள்ளத்தின் அடியிலுள்ள எலும்பில் சிறு துளைகளிட்டு, மஜ்ஜையிலிருந்து கசியும் இரத்தம் அங்கே உறையும்படி செய்கிறார்கள். வளர்வது தழும்பு போன்ற நார்க்குருத்தெலும்பு; சிறிய பள்ளங்களில் பயன் தரும் இதன் பலன், சில ஆண்டுகளில் குறையக்கூடும். முழங்காலிலேயே அழுத்தம் குறைந்த ஓரத்திலிருந்து எலும்போடு சேர்த்துச் சிறு உருளைகளை எடுத்துப் பள்ளத்தில் பொருத்துவது இன்னொரு முறை. மூன்றாவதாக, நோயாளியின் குருத்தெலும்புச் செல்களை எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி, இரண்டாம் அறுவை சிகிச்சையில் திரும்ப வைப்பது. சுவீடனின் கோத்தன்பர்க் மருத்துவர்கள் 1987இல் தொடங்கிய இம்முறையின் முதல் 23 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை 1994இல் வெளிவந்தது: தொடை எலும்பு முனையில் செய்துகொண்ட 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன், முழங்கால் சில்லில் செய்துகொண்ட 7 பேரில் இருவருக்கு மட்டுமே. ஒரே மூட்டுக்குள்ளேயே இடத்தைப் பொறுத்துப் பலன் இவ்வளவு மாறுகிறது.

ஸ்டெம் செல்லைப் பற்றி: கோலாலம்பூரிலேயே நடந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 18 முதல் 50 வயதுக்குட்பட்ட 50 பேருக்கு எலும்பில் துளையிட்ட பிறகே ஊசிகள் போடப்பட்டன. இரத்தத்திலிருந்து பிரித்த ஸ்டெம் செல்லும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு ஸ்கேனில் குருத்தெலும்பு மேலாகத் தெரிந்தது. ஆனால் நோயாளிகள் உணர்ந்த முன்னேற்றத்தில், இரண்டு ஆண்டு முடிவில், இரு குழுக்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அது அறுவை சிகிச்சையோடு சேர்ந்த சிகிச்சை. தேய்ந்த மூட்டில் ஊசி மட்டும் போடுவதை அதனோடு ஒப்பிடவே கூடாது.

உங்கள் கதையில் என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. உள்பக்கச் சவ்வை இழந்த முழங்காலில் அந்தப் பக்கமே பாரத்தை அதிகம் தாங்குவதால், ஆண்டுகள் செல்லச் செல்லக் கால் வில்போல் வெளிப்புறம் வளையக்கூடும். வளைந்த காலில் எவ்வளவு நல்ல குருத்தெலும்பை வைத்தாலும் அதே பாரம் அதையும் அரைத்துவிடும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, நின்றபடி, இரு கால்களுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்களா?

செந்தூல் ஆசிரியை:

தம்பி, அந்த நின்றபடி எடுத்த எக்ஸ்ரேதான் என் வழியைத் திருப்பியது. எனக்கும் உள்பக்கத் தேய்மானம்தான். 46 வயதில், முழங்காலுக்குக் கீழே கால் எலும்பை வெட்டி, உள்பக்கத்தைச் சற்றே விரித்து, தகடும் திருகுகளும் வைத்து நேராக்கினார்கள். குருத்தெலும்பு எதையும் வளர்க்கவில்லை. பாரத்தைத் தேயாத வெளிப்பக்கத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். ஆறு வாரம் ஊன்றுகோல், பள்ளிக்குத் திரும்ப மூன்று மாதங்களுக்கு மேல். அந்த மாதங்கள் எளிதாக இருக்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். தகடு உறுத்தியதால் பின்னர் அதையும் எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் கடந்த ஆண்டு பத்துமலையின் 272 படிகளை ஏறியும் இறங்கியும் வந்தேன். வெளிப்பக்கமும் தேய்ந்திருந்தால் இது எனக்குப் பொருந்தியிராது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

கிள்ளான் வாசகர்:

நான் ஊசி வழியில் சென்றவன். எம்.ஆர்.ஐ. கூட எடுக்கச் சொல்லாமலே மூன்று ஊசிகள் போட்டார்கள். நான்கு மாதங்கள் வலி குறைந்தது, பிறகு பழைய நிலைதான். சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. பணம் கட்டுவதற்கு முன், தேய்மானம் எந்த நிலையில் உள்ளது, ஊசியில் இருப்பது என்ன, அது தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவானதா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறைவாசி:

அனைவருக்கும் நன்றி. என்னிடம் இருக்கும் இரண்டு எக்ஸ்ரேக்களும் படுத்தபடி எடுத்தவை. அடுத்த வாரம் எலும்பு மருத்துவரைப் பார்க்கும்போது நின்றபடி எடுக்கச் சொல்லிக் கேட்கிறேன். ஒன்றைச் சொல்ல வேண்டும்: நான் புகைப்பவன், எடையும் 94 கிலோ. அக்கா சொன்ன சிகிச்சைக்கு இவை தடையாகுமா? 55 வயது வரை காத்திருக்கச் சொன்னதற்கு என்ன காரணமாக இருக்கும்?

இயன்முறையாளர், கோலாலம்பூர்:

காத்திருக்கச் சொன்னதில் நியாயம் உண்டு. 2017இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வின்படி, 70 வயதுக்கு மேல் மூட்டை மாற்றிக்கொண்டவர்களில் வாழ்நாளில் மறு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு; ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கோ ஏறத்தாழ 35 விழுக்காடு. ஆனால் காத்திருப்பது என்பது சும்மா இருப்பது அன்று.

புகையை இன்றே நிறுத்துங்கள். வெட்டிய எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும், பல மருத்துவர்கள் அதற்காகவே மறுப்பார்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. தொடைத் தசைக்கான பயிற்சியை, எந்த முடிவு எடுத்தாலும், இப்போதே தொடங்கிவிடலாம். அதுவரை படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வலிக்கும் வலது காலை முதலில் கீழ்ப்படியில் வைத்து, பிறகு இடது காலை அதனருகே கொண்டுவாருங்கள்.