மட்டக்களப்பு கல்லடியில் சைக்கிள் செயின் துருப்பிடிக்காமல் இருக்க வழி உண்டா?

உறவுகளே, வணக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் என் சைக்கிள் படும் பாடு சொல்லி மாளாது. செயினுக்கு எண்ணெய் விட்டால் கடற்கரை மணல் அப்பிக்கொண்டு நறநறக்கிறது. விடாவிட்டால் துருவேறிவிடுகிறது. (தேங்காய் எண்ணெய் பூசச் சொன்ன பக்கத்து வீட்டு மாமாவை என்ன செய்வது!) புதிது வாங்கு என்கிறார்கள் வீட்டில். அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1924இல் கட்டிய பழைய பாலத்தில் மாலையில் இதைச் சாய்த்துவிட்டு, தோணியில் நின்று வீச்சுவலை எறிபவர்களைப் பார்த்தபடி கச்சான் கொறிக்கிற சுகம் எனக்கு வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் என்ன எண்ணெய் விடுகிறீர்கள்? மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிறகா, அப்படியேவா? காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கம் துருப்பிடிக்காத செயின் விற்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.